ஃபைபரா, டவரா? அக்கா மகனுக்காகப் போட்ட கணக்கு

கன்னங்குறிச்சியில் இருக்கும் என் அக்கா மகன் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் முடித்துவிட்டு, இரண்டு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். ஒன்று, சேலம் டவுனில் ஃபைபர் வேலை, அதாவது இன்டர்நெட் கொண்டுபோகும் கண்ணாடி இழை கேபிள் வேலை. இன்னொன்று, ஏற்காடு மலைப் பக்கத்து செல்போன் டவர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் வேலை. "டவர்ல சம்பளம் கொஞ்சம் கூட மாமா" என்றான். அக்காவுக்கோ டவர் என்ற பேச்சே ஆகாது. நான் காப்பர் கேபிள் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சம்பளத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். எந்த வேலைக்குப் போனாலும் சட்டையில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும், காசு தருவது கான்ட்ராக்டர். கான்ட்ராக்ட் கைமாறினால் சட்டை மாறும். கேபிளும் டவரும் அப்படியே நிற்கும். ஒரு கான்ட்ராக்டர் எனக்கு மூன்று மாதச் சம்பளத்தை நிலுவை வைத்துவிட்டுக் கிளம்பினார், இன்றுவரை வரவில்லை. ஆள் மாறும்போது உன் கையோடு என்ன வரும் என்பதுதான் கணக்கு.

ஃபைபரில் கையோடு வருவது என்ன? ஜாயின்ட் போடுவது என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 125 மைக்ரான் தடிமன் கண்ணாடி இழையை உரித்து, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, நேராக வெட்டி, மெஷினில் வைத்தால் மின்சாரத் தீப்பொறியில் அதுவே உருக்கி ஒட்டிவிடும். பொறுமை இருந்தால் சில வாரத்தில் கை பழகிவிடும். சம்பாதிக்க வைப்பது அதுவல்ல, எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது.

அதைக் கற்றுக்கொள்ள ஏற்காடு ரோட்டைப் போல வேறு பள்ளிக்கூடம் கிடையாது. மழையில் சில்வர் ஓக் கிளை முறிந்து கேபிள் மேல் விழும். அதுவும் சனிக்கிழமை பார்த்துத்தான் விழும் என்பது என் அனுபவம். இழைக்குள் ஒளியை அனுப்பி தூரம் அளக்கும் ஓடிடிஆர் மெஷினை மாட்டினால் ஆறு கிலோமீட்டரில் கட் என்று காட்டும். பைக் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஆறு கிலோமீட்டர் ஏறிப் போய் நின்றால் அங்கே ஒன்றும் இருக்காது. மெஷின் சொன்னது இழையின் நீளம். ஜாயின்ட் பெட்டியிலும் கம்பங்களிலும் உபரியாகச் சுருட்டி வைத்த கேபிள் அதில் சேரும். டியூபுக்குள் இழை கொஞ்சம் முறுக்கிக்கொண்டு போவதால் கேபிளை விட இழை சற்று நீளம். ரோடோ இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றுகிறது. கேபிள் சில இடத்தில் வளைவைச் சுற்றாமல் சரிவில் நேராக இறங்கியிருக்கும். இத்தனையையும் மனசுக்குள் கழித்துக் கூட்டி, "பதிமூன்றாவது வளைவுக்குக் கீழே பார்" என்று சொல்கிறவன் இருக்கிறானே, எந்தக் கான்ட்ராக்டர் வந்தாலும் முதலில் தேடுவது அவனைத்தான்.

அறுந்தால் இப்படி. அறுந்துபோகாமல் மடங்கியிருந்தால் வேறு வித்தை. 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஒரு டெஸ்ட், 1550-இல் ஒரு டெஸ்ட் போட வேண்டும். 1550-இல் மட்டும் இழப்பு எகிறினால் எங்கேயோ கேபிள் மடங்கி நசுங்கியிருக்கிறது. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் ஜாயின்ட் சரியில்லை. டவுனில் 280 மீட்டர் உயரத்தில் ஓட்டிய ஜாயின்ட் மெஷினை ஏற்காட்டின் 1500 மீட்டருக்குக் கொண்டுபோனால் காற்றழுத்தம் குறையும், தீப்பொறியின் சூடு மாறும். அந்தச் சூட்டைச் சரிசெய்யும் ஆர்க் கேலிபரேஷன் போடாமல் வேலையைத் தொடங்கினால் ஒட்டியதையே மறுபடி வெட்டி ஒட்ட வேண்டிவரும். ஜப்பான் மெஷினாக இருந்தாலும் சரி.

ஆனால் ஃபைபர் வேலை என்று சொல்லிச் சேர்க்கும் இடத்தில் பெரும்பாலும் கொடுப்பது புது கனெக்ஷன் டீம். வீடு வீடாக ஏணி வைத்து வயர் இழுப்பது, முனையில் கனெக்டர் போடுவது, வந்து சேரும் ஒளியின் அளவு பவர் மீட்டரில் மைனஸ் 20, 22 டிபிஎம் வந்தால் கிளம்புவது. மைனஸ் 27 வரை வீட்டு மோடம் பெட்டி தாங்கும், ஆனால் அந்த விளிம்பில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த வாரமே புகார் வரும். ஒரு கனெக்ஷனுக்கு இவ்வளவு என்று காசு. இரண்டு வருஷம் செய்தாலும் புதிதாகத் தெரிவது கொஞ்சம்தான். போதாக்குறைக்கு 2023-லிருந்து ஏர்ஃபைபர் வந்து, வயரே இல்லாமல் மாடியில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெட்டிக்கு சிக்னல் தரும் டவருக்குப் பெரும்பாலும் ஃபைபர்தான் போகிறது, அதனால் அறுந்ததைத் தேடிச் சரிசெய்யும் மெயின்டனன்ஸ் டீமுக்கு வேலை குறையாது. குறைகிற வேலை ஏணிக்காரனுடையது.

சரி, டவர். டவர் டெக்னீசியன் என்றால் எந்நேரமும் மேலே தொங்குபவன் என்று அக்கா நினைக்கிறார். அவன் வேலையில் பெரும்பகுதி தரையில்தான். ஆன்டெனா கட்ட ரிகர் தனியாக வருவார். இவன் பார்ப்பது கரண்ட். ஈபி கரண்ட் வந்து ரெக்டிஃபையரில் மைனஸ் 48 வோல்ட் டிசியாக மாறும், பேட்டரி நிரம்பும். கரண்ட் போனால் பேட்டரி, அதுவும் இறங்கினால் டீசல் ஜெனரேட்டர். ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனி இருந்தால் சைட் டவுன் ஆனதும் இரண்டு மூன்று பக்கமிருந்தும் போன் வரும். நாகலூர்ப் பக்கம் நடு ராத்திரி, பனிமூட்டத்தில் பைக் விளக்கு பத்தடிக்கு மேல் போகாது, எதிரே காட்டெருமை நிற்கலாம். அந்தக் கூடுதல் சம்பளம் இந்த ராத்திரிகளுக்குத்தான்.

இந்த வேலையும் கையோடு வரும், வேறு திசையில். பேட்டரி, ரெக்டிஃபையர், ஜெனரேட்டர், எர்த் தெரிந்தவனுக்கு மில்லில், ஆஸ்பத்திரி யூபிஎஸ்ஸில், சோலாரில் வேலை உண்டு. அக்கா மகன் எலக்ட்ரீசியன் டிரேடு படித்திருந்தால் யோசிக்காமல் டவருக்குப் போ என்றிருப்பேன்.

ஆபத்தைப் பற்றி அக்காவிடம் தனியாகப் பேசினேன். டவரில் ஏற பெல்ட் உண்டு, இரண்டு கொக்கியில் ஒன்று எப்போதும் மாட்டியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு, இடி மேகம் கூடினால் ஏறக்கூடாது. மலையில் தேன்கூடு கட்டியிருந்தாலும் ஏறக்கூடாது. ஃபைபரில்தான் மனுஷன் அசட்டையாக இருப்பான். கண்ணாடியில் கரண்ட் ஓடாது என்ற தைரியத்தில் ஈபி கம்பத்தில் ஏணியைச் சாய்ப்பான். கேபிளைத் தாங்கும் கம்பி இரும்பு என்பது அப்போது ஞாபகம் வராது. உடைந்த இழைத் துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, அது தனிக் கதை.

சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அலாரம் பார்க்கும் நாக் (NOC, நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) வேலையையும் கேட்டான். இரண்டு வருஷம் களத்தில் இருந்துவிட்டுப் போனால் திரையில் தெரிவது புரியும். இப்போதே போனால் புகார் டிக்கெட் நம்பர் மட்டும்தான் புரியும்.

ஃபைபர், ஆனால் மெயின்டனன்ஸ் டீம் என்று கேட்டு வாங்கு என்றேன். பிஎஃப் பிடிக்கிறார்களா, ஈஎஸ்ஐ அட்டை தருவார்களா, பெட்ரோல் காசு சம்பளத்தில் சேர்த்தியா தனியா, இதையும் கேள் என்றேன். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு ஈஎஸ்ஐ உண்டு; கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பதே மேல்.

போன மாதம் சேர்ந்துவிட்டான். ஜாயின்ட் மெஷினை இன்னும் கையில் தரவில்லை. நேற்று அஸ்தம்பட்டியில் பொக்லைன் தோண்டி 48 இழை கேபிள் அறுந்துவிட்டது, ஒட்டி முடிக்க ராத்திரி இரண்டு மணி. டார்ச் பிடித்து, எந்த இழை எது என்று நிறத்தை வரிசையாகச் சொல்வதுதான் இவன் வேலை. காலையில் போன் செய்தான். "ப்ளூ, ஆரஞ்சு, கிரீன், பிரவுன் வரைக்கும் சரியாச் சொல்லிட்டேன் மாமா. ஸ்லேட் எது, வெள்ளை எதுன்னுதான் டார்ச் வெளிச்சத்துல தெரியவே இல்ல."