முதல் பிஸ்டலாக ரூகர் மார்க் 4

சுடப் பழகத் தொடங்குபவருக்குப் பின்னுதைப்பும் சத்தமும்தான் பெரிய தடை. இரண்டும் குறைந்த .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சிறிய தோட்டாவில் தொடங்குவதே சரி. அமெரிக்கச் சந்தையில் அதற்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது ரூகர் மார்க் 4. 2016இல் வந்த இந்த மாடலின் பெரிய வரம் பின்பக்கப் பொத்தான். மேகசினை (தோட்டா நிரப்பும் கூடு) எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறை காலியா என்று கண்ணால் பார்த்து, ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) ஏறிய நிலையில் சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) போட்டு அழுத்தினால் மேல்பாகம் கழன்றுவிடும். முந்தைய மாடலான மார்க் 3ஐக் கழற்றி மாட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தோட்டாவில் கஞ்சத்தனம் வேண்டாம். வேகம் குறைந்த ரகங்களில் போல்ட் (ஒவ்வொரு சுடலிலும் பின்னே போய்வரும் பாகம்) முழுதாகப் பின்னுக்குப் போகாமல் காலிக்கூடு சிக்கும். சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக் போன்ற, குண்டின் எடை 40 கிரெய்ன் உள்ள வகை நம்பகமானது. மேகசினில் 10 தோட்டா. நிரப்பும்போது பக்கவாட்டுப் பொத்தானை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேவையான அளவே இறக்குங்கள். ஒரேயடியாக இழுத்தால் தோட்டா சாய்ந்து மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழல் இலக்கை நோக்கியபடியே 30 விநாடி காத்திருங்கள். வலக்கைக்காரரின் குண்டு இடப்பக்கம் கீழே விழுந்தால், குறை பெரும்பாலும் சைட்டில் (குறிபார்க்கும் பாகம்) இல்லை. விசையை வெடுக்கென இழுப்பதில்தான்.

பழையதை வாங்குவோர் கவனியுங்கள்: 2017 ஜூன் 1க்கு முன் தயாரானவற்றை நிறுவனம் திரும்ப அழைத்தது. சேஃப்டி நெம்புகோல் நடுவில் நிற்கும்போது விசையை இழுத்துவிட்டு, பிறகு நெம்புகோலைத் தள்ளினால் தானே வெடிக்கும் அபாயம் இருந்தது. சரிசெய்யப்பட்டதா என்பதைச் சீரியல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.