பல் கிளினிக்கில் "3டி ஸ்கேன்" என்றால் எந்த ஸ்கேன் என்று கேளுங்கள்

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லுக்காக எலும்பில் பதிக்கிற ஸ்க்ரூ) வைக்க ஒரு கிளினிக்குக்குப் போனோம். "3டி ஸ்கேன் பார்த்துத்தான் வைப்போம், பயப்படாதீங்கம்மா" என்றார் டாக்டர். டார்ச் மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு எடுத்தார்கள், பல்லும் ஈறும் டிவியில் கலராகச் சுழன்றன. பில்லில் அதற்குத் தனிக் காசு.

அந்தக் கருவி வெளியே தெரிவதை மட்டும்தான் படம் பிடிக்கும். கேப் போட அளவெடுக்க நல்ல கருவிதான், ஆனால் எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று அதில் தெரியவே தெரியாது. கீழ்த்தாடை எலும்புக்குள் குழாய் மாதிரி ஒரு வழி ஓடுகிறது, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு அதில்தான் போகிறது, இம்ப்ளான்ட் நுனிக்கும் அதற்கும் 2 மி.மீ. இடைவெளியாவது விட வேண்டும் என்பார்கள். அதை அளந்து பார்க்கத்தான் சிபிசிடி, அதாவது எலும்பின் உள்ளே வரைக்கும் 3டியில் காட்டுகிற எக்ஸ்ரே ஸ்கேன். தலையைச் சுற்றி வந்து எடுப்பதெல்லாம் சிபிசிடி என்றும் நினைத்துவிடாதீர்கள், ஓபிஜியும் அப்படித்தான் சுற்றும், ஆனால் அது தட்டையான எக்ஸ்ரே, உருவம் பெரிதாகியும் விழும், எலும்பின் அகலமும் தெரியாது.

இம்ப்ளான்ட் வைத்தபின் அம்மாவுக்கு ஊசியின் மரப்பு மறுநாளும் போகவில்லை. காபி உதட்டோரம் வழிந்து சேலையில் சொட்டுகிறது, அவருக்குத் தெரியவில்லை. போன் பண்ணினால் "சரியாகிடும், வைட்டமின் மாத்திரை போடுங்க" என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் வேறு டாக்டர் சிபிசிடி எடுத்தார், ஸ்க்ரூவின் நுனி அந்தக் குழாய்க்குள் இறங்கியிருந்தது. இப்படி ஆனால் ஒன்றிரண்டு நாளுக்குள் கழற்றினால்தான் நரம்பு தேற வாய்ப்பு அதிகமாம். அந்த நாட்களைத்தான் மாத்திரை கொடுத்துக் கடத்திவிட்டார்கள், எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

முதல் கிளினிக்கில் எலும்பு ஸ்கேனின் பைலைக் கேட்டோம். வாட்ஸ்அப்பில் வந்தது அதே கலர் படம். எடுத்திருந்தால்தானே கொடுக்க!

கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள் "சிபிசிடி எடுத்தீங்களா, நரம்பு எவ்வளவு தூரத்தில இருக்கு, காட்டுங்க" என்று நேராகக் கேளுங்கள். பிரின்ட் போதாது, டைகாம் பைலாக (ஸ்கேனின் அசல் கம்ப்யூட்டர் பைல்) சிடியிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள், வேறு டாக்டரும் திறந்து அளந்து பார்க்கலாம். அப்புறம், மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் போனில் சமாதானம் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே நேரில் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் பில், அந்த வாட்ஸ்அப் படம், புது ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம்.