காப்பு வேறு, மறைவு வேறு: கார்ப்பரேஷன், எல்எல்சி, டிரஸ்ட் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் தொழில் நடத்தும் ஒருவர் தம் சொத்தை வழக்குகளிலிருந்து காக்கவும், தம் பெயர் பொதுப் பதிவேடுகளில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளவும் விரும்பினால், அவர்முன் பெரும்பாலும் கார்ப்பரேஷன், எல்எல்சி, டிரஸ்ட் ஆகிய மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. கார்ப்பரேஷன் என்பது பங்குகளாகப் பிரிந்த நிறுவனம்; எல்எல்சி என்பது ‘உறுப்பினர்’ எனப்படும் உரிமையாளர்களைக் கொண்ட வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்; டிரஸ்ட் என்பது ஒருவரின் பயனுக்காகச் சொத்தைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. இவற்றைப் பதிவுசெய்து தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் காப்பையும் மறைவையும் ஒரே சரக்காகக் கட்டி விற்கிறார்கள். ஆனால் ஒரு சொத்து யாருடையது என்று வெளியாருக்குத் தெரியாதிருப்பது வேறு. தெரிந்த பின்னும் அதை அவர்களால் கைப்பற்ற முடியாதிருப்பது வேறு. வழக்கில் தோற்றவரை வரவழைத்து, சத்தியப் பிரமாணத்தின்பேரில் அவருடைய சொத்துகளைச் சொல்லவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், மறைவின் பயன் ஏறத்தாழ தீர்ப்பு வரும் நாளோடு முடிந்துவிடுகிறது. அங்கே பொய் சொல்வது தனிக் குற்றம்.

தொழிலின் கடன் உரிமையாளரின் வீட்டைத் தொடக்கூடாது என்ற அளவில் கார்ப்பரேஷனுக்கும் எல்எல்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நிறுவனம் அதன் பங்குதாரர்களிலிருந்து வேறான சட்ட நபர் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1897-இல் சாலமன் வழக்கில் உறுதிசெய்த அதே கருத்தின்மீதுதான் இரண்டும் நிற்கின்றன. உடையும் இடங்களும் ஒன்றே: உரிமையாளர் தாமே இழைத்த கவனக்குறைவு, வங்கிக்கு அவர் எழுதிக்கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதம், நிறுவனக் கணக்கையும் குடும்பக் கணக்கையும் கலந்து நடத்தியதால் நீதிபதி நிறுவனத் திரையை விலக்கி, அதன் கடனுக்கு உரிமையாளரையே பொறுப்பாக்கிவிடும் நிலை.

கடன் தொழிலுடையதாக இல்லாமல் உரிமையாளருடையதாக இருக்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. உரிமையாளர் தம் சொந்த விவகாரத்தில், எடுத்துக்காட்டாக ஒரு கார் விபத்து வழக்கில், தோற்றுப்போகிறார் என்று கொள்வோம். கார்ப்பரேஷனில் அவர் வைத்திருக்கும் பங்குகள் மற்றெந்தச் சொத்தையும் போலப் பறிமுதலாகி ஏலத்துக்கு வரக்கூடியவை. பெரும்பான்மைப் பங்கு கைமாறினால் வாக்குரிமையும் நிர்வாகமும் கூடவே போய்விடும். எல்எல்சியிலோ, தீர்ப்புப் பெற்றவருக்குப் பொதுவாகக் கிடைப்பது ‘சார்ஜிங் ஆர்டர்’ மட்டுமே. நிறுவனம் அந்த உறுப்பினருக்கு லாபத்தைப் பிரித்துக் கொடுத்தால் அது இவரிடம் வரும். கொடுக்காவிட்டால் இவர் காத்திருக்க வேண்டியதுதான். வாக்கு இல்லை, கணக்குப் புத்தகத்தைக் கேட்கும் உரிமையும் இல்லை. இப்படிக் காத்திருக்க விரும்பாதவர் குறைந்த தொகைக்குச் சமரசம் பேச வருவார் என்பதே இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம்.

ஆனால் இந்தச் சலுகை கடனாளிக்காக ஏற்பட்டதன்று. இங்கிலாந்தின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில் இது இடம்பெற்றபோது, ஒரு கூட்டாளியின் சொந்தக் கடனுக்காக மற்றக் கூட்டாளிகளின் தொழில் முடங்கக்கூடாது என்பதே நோக்கம். மற்றவர் என்று எவருமே இல்லாத ஓருறுப்பினர் எல்எல்சியில் இந்த நியாயம் பொருந்தாது என்று கொலராடோவின் திவால் நீதிமன்றம் 2003-இலும், புளோரிடாவின் உச்ச நீதிமன்றம் 2010-இலும் தீர்மானித்தன. வயோமிங், டெலவேர், நெவாடா முதலிய மாநிலங்கள் ஓருறுப்பினருக்கும் சார்ஜிங் ஆர்டரே ஒரே பரிகாரம் என்று தம் சட்டத்தில் எழுதிவைத்துள்ளன. கலிபோர்னியாவில் வாழ்ந்துகொண்டு வயோமிங்கில் எல்எல்சி தொடங்குபவருக்கு அந்த வரிகள் எவ்வளவு துணைநிற்கும் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது; அவருடைய வழக்கைக் கேட்கும் கலிபோர்னிய நீதிபதி தம் மாநிலச் சட்டத்தையே பயன்படுத்த முற்படலாம்.

மறைவிலும் இதே சிக்கல் எழுகிறது. டெலவேரிலும் வயோமிங்கிலும் எல்எல்சியின் தொடக்க ஆவணத்தில் உறுப்பினர் பெயர் தேவையில்லை. நியூ மெக்சிகோ ஆண்டறிக்கைகூடக் கேட்பதில்லை. மறைவுக்குப் பெயர்போன நெவாடாதான், வேடிக்கையாக, நிர்வகிப்பவர்களின் பெயர்ப்பட்டியலை ஆண்டுதோறும் வாங்குகிறது. கார்ப்பரேஷனில் பங்குதாரர் பெயர் பொதுவாக வெளியே வராவிட்டாலும், இயக்குநர்களின் பெயரைப் பெரும்பாலான மாநிலங்கள் ஆண்டறிக்கையில் கேட்கின்றன. எனவே ஏட்டளவில் வெல்வது எல்எல்சியே. ஆயினும் அந்த வயோமிங் எல்எல்சி கலிபோர்னியாவில் தொழில் செய்தால், அங்கேயும் பதிவுசெய்து, ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி கட்டி, மேலாளர் பெயரையும், மேலாளர் இல்லையெனில் உறுப்பினர் பெயர்களையும் தர வேண்டும். வயோமிங்கில் 60 டாலர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாங்கிய மறைவு இங்கே கலைந்துவிடுகிறது.

அரசிடமிருந்து மறைவு என்பது இன்னும் மெலிந்தது. வரி எண் கேட்டு விண்ணப்பிக்கும்போதே பொறுப்பாளரின் பெயரைக் கொடுக்க வேண்டும். நிறுவனங்களின் உண்மையான உரிமையாளரை மத்திய நிதித்துறையில் நிதிக்குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் அமைப்பிடம் தெரிவிக்கச் சொன்ன சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, உள்நாட்டு நிறுவனங்களுக்கு 2025 மார்ச்சில் விலக்கப்பட்டது. ஒரு விதிமாற்றத்தில் வந்த மறைவு மற்றொன்றில் போகும். பிரிட்டனில் 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ உள்ளவரின் பெயர் 2016 முதல் பொதுப் பதிவேட்டிலேயே கிடைக்கிறது.

டிரஸ்டைப் பொறுத்தவரை, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய டிரஸ்ட் கடனிலிருந்து எந்தக் காப்பும் தராது; அதன் பயன் மறைவும் வாரிசுரிமை வசதியும் மட்டுமே. தாமே எழுதித் தாமே பயன்பெறும் திரும்பப்பெறா டிரஸ்டை அலாஸ்கா 1997-இல் அனுமதித்தது, வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் ஏமாற்றும் நோக்கம் நிறுவப்பட்டால் அத்தகைய டிரஸ்டுக்குச் செய்த சொத்து மாற்றங்களைப் பத்து ஆண்டுகள்வரை பின்னோக்கி ரத்துசெய்ய 2005-இல் திருத்தப்பட்ட திவால் சட்டம் இடந்தருகிறது. பசிபிக் தீவுகளில் அமைக்கும் டிரஸ்ட் வலிமையானதுதான். குக் தீவுகளில் பணம் வைத்த ஒரு தம்பதியர், அதைத் திரும்பக் கொண்டுவரத் தங்களால் இயலாது என்று வாதிட்டபோது, அந்த இயலாமை அவர்களே ஏற்படுத்திக்கொண்டது என்று கருதிய அமெரிக்க நீதிமன்றம் அவர்களை அவமதிப்புக்காகச் சிறையில் வைத்தது. ஒன்பதாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் அதை உறுதிசெய்தது. அந்தப் பாதையைச் சாதாரணத் தொழில்முனைவோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாடகைக் கட்டடம் வைத்திருப்பவருக்கோ சிறு தொழில் நடத்துபவருக்கோ என் தெரிவு, முதலீடு செய்து லாபத்திலும் பங்குபெறும் இரண்டாவது உறுப்பினரைக் கொண்ட, தொழில் நடக்கும் மாநிலத்திலேயே பதிவான எல்எல்சி. பெயர் வெளிப்படுவது உறுத்தினால், திரும்பப்பெறக்கூடிய டிரஸ்டை உறுப்பினராகவும் வேறொருவரை மேலாளராகவும் வைக்கலாம்; தேடிப்பார்க்கும் அண்டை அயலாருக்கு அது போதும். இதோடு தக்க பொறுப்புக் காப்பீடும் வேண்டும், ஏனெனில் வழக்கறிஞர் கட்டணத்தை எல்எல்சி கொடுக்காது, காப்பீடு பெரும்பாலும் கொடுக்கும். இவை அனைத்தும் வழக்குக்கான காரணம் எழும் முன்பே நடந்திருக்க வேண்டும்; கடன் கொடுத்தவரை ஏமாற்றும் சொத்து மாற்றம் செல்லாது என்று 1571-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் வகுத்த விதியின் வழிவந்த மாநிலச் சட்டங்கள், பொதுவாக நான்கு ஆண்டுகள்வரை அத்தகைய மாற்றங்களைத் திருப்பிப்போட இடமளிக்கின்றன.