‘லைஃப்டைம்’ நாடகம் என்று காசு வாங்குகிறார்கள், கவனம்

கிளிநொச்சி டவுனில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு போன் கடையில், எல்லாத் தமிழ் நாடகமும் பார்க்கலாம், ‘லைஃப்டைம்’ என்று சொல்லி ஓர் ஆப் ஏற்றிக் கொடுக்கிறார்கள். விலை 6,500 ரூபா. கடைப் பெயரை எழுதவில்லை. வேறு இடங்களிலும் இது நடப்பதாகக் கேள்வி.

எங்கள் மாமிக்குக் ‘கோலங்கள்’ நாடகத்தை முதலிலிருந்து முடிவு வரை பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 2003 இல் தொடங்கி 2009 கடைசியில் முடிந்தது அது. முடிகிற நேரம் எங்கட சனம் எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கடைப் பெடியன் “அம்மா, எல்லாப் பாகமும் இருக்கு” என்றதும் தையல் காசில் எடுத்துக் கொடுத்துவிட்டா.

ஆப் பிளே ஸ்டோரில் இருந்து வந்ததல்ல. போனின் பாதுகாப்பு எச்சரிக்கையை நிறுத்திவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை நேரே ஏற்றியிருக்கிறார்கள். நாடகம் ஓடத்தான் செய்தது. ஆனால் மாமியின் கண்ணுக்கு ஒன்று தப்பவில்லை. “அபி ஏன் பிள்ளை சேலைத் தலைப்பை வலப்பக்கம் போட்டிருக்கிறாள்?” அபிதான் நாடகத்தின் கதாநாயகி. பார்த்தால் படம் முழுக்க இடம் வலமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. குரலும் கொஞ்சம் கீச்சு. களவாக ஏற்றியதை யூரியூப்பின் கணினி பிடித்துவிடாமல் இருக்கச் செய்கிற வேலை இது. அப்படி யாரோ ஏற்றியதைத்தான் இவர்கள் காசுக்கு விற்கிறார்கள்!

கொஞ்ச நாளில் திரை கறுப்பு. “சேர்வர் மாறிட்டுது, இன்னும் 2,000 தந்தால் புதுசு போடலாம்” என்றான் கடைப் பெடியன். பில் கேட்டோம், இல்லை. எப்படித் தருவான்? உரிமை இல்லாத சரக்கு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிற நாட்டில் அதற்குப் பில் எழுதுவது தன் கையாலேயே சாட்சி எழுதுகிற மாதிரி.

காசு போனதைவிட எனக்குப் பயம் தந்தது வேறு. அந்த ஆப் குறுஞ்செய்திகளை வாசிக்கவும் அனுமதி வாங்கியிருந்தது. நாடகம் காட்ட அது எதற்கு? வங்கியின் ஓரிபி (OTP) என்கிற ஒருமுறை இரகசிய இலக்கம் வருவது அங்கேதானே. ஆப்பை அழித்து, போனையே முழுக்க ரீசெட் செய்து, வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றினோம்.

எரிச்சல் என்னவென்றால், ‘கோலங்கள்’ விகடன் தயாரித்த நாடகம். அதை அவர்களே தங்கள் யூரியூப் சனலில் போட்டிருக்கிறார்கள். இலவசம். டேட்டா மட்டும் போகும், இடையில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். ராடான் நிறுவனமும் தன் பழைய நாடகங்களைத் தன் சனலில் வைத்திருக்கிறது. ஆகவே முதலில் நாடகத்தைத் தயாரித்தவர் யார் என்று பாருங்கள், அப்புறம் அவருடைய சனலைத் தேடுங்கள். இப்போது ஓடும் நாடகங்கள் என்றால் சன் ரீவிக்குச் சன் நெக்ஸ்ட், ஜீ தமிழுக்கு ஜீ5. பிளே ஸ்டோரில் இருந்தே இறக்குங்கள். சந்தா கட்ட வங்கி அட்டை தேவைப்படலாம். வருடக் கணக்கில் கட்டாமல் முதலில் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள்.

ஏற்கனவே காசு கொடுத்தவர்கள் கடைக்காரனின் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். பில் இல்லாத இடத்தில் அதுதான் ஆதாரம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நாங்களும் முறையிட்டிருக்கிறோம், பதில் வரட்டும்.