பழைய வண்டியா, பராமரிக்காத புது வண்டியா: புகைச் சோதனையில் எது தேறும்?

மன்னார்குடிப் பக்கம் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றும் இரண்டு டீசல் லோடு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு வண்டி 2013-இல் வாங்கிய பி.எஸ். 3 (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம்; எண் கூடக் கூட விதி கடுமை). பக்கத்து வீட்டுக்காரருடையது 2021-இல் வாங்கிய பி.எஸ். 6.

சோதனை முறை இரண்டுக்கும் ஒன்றுதான். எஞ்சின் சூடேறியதும் நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பார்கள். புகைக்குழாயில் செருகிய கருவி புகையின் அடர்த்தியை அளக்கும். அது காட்டும் எண் தாண்டக் கூடாத வரம்புதான் வேறு. பி.எஸ். 3-க்கு 2.45, பி.எஸ். 4-க்கு 1.62, பி.எஸ். 6-க்கு 0.7. அதனால் பழையது தேறி, புதியது தவறினாலும், பழையதுதான் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் நின்று மூட்டை இறக்குகிறவர் மூச்சில் போவது அந்தப் புகைதான்.

பழைய வண்டிக்கு எதிரி நெல் சுணை, அதாவது நெல்லிலிருந்து பறக்கும் அரிப்புத் தூசி. போன தை அறுவடை முடிந்து மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். ஒரு கைப்பிடிச் சுணை கொட்டியது. காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்தால் கரும்புகை வரும். ஃபில்டரை மாற்றி, டீசலைத் தெளிக்கும் நாசிலைச் சரிபார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீலப்புகை வந்தால் கதை வேறு. பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று அர்த்தம்; எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் தீராது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். வயது தன் வேலையைக் காட்டுவது அங்கேதான்.

புது வண்டிக்குச் சிக்கல் நம் ஊர் ஓட்டத்திலேயே இருக்கிறது. பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் உண்டு. கொஞ்ச தூரம் நிற்காமல் வேகமாக ஓடி, புகைக்குழாய் நன்றாகச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். மூன்று கிலோமீட்டர் ஓட்டமும் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பதுமாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். சிலர் அதைக் கழற்றியே எறிகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம் 0.7-க்குள் வருவது மிகவும் கடினம்.

வாரம் ஒருமுறையாவது திருச்சி வரை லோடு போகிறவருக்கு பி.எஸ். 6-தான் சரி. உள்ளூர் ஓட்டம் மட்டும் என்றால், நீலப்புகை இல்லாத பழைய வண்டியை விற்க அவசரப்பட வேண்டாம். சுணைக் காலம் முடிந்ததும் ஃபில்டரை மாற்றிவிட்டுச் சோதனைக்குப் போங்கள். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போவது நல்லது. குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகப் புகைக்கும்.