ஆண்ட்ராய்டு எமுலேட்டர்: மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கும் சோதனை யோசனைகள்

புதிய செயலி ஒன்று சோதனைக்கு வரும்போது, தேவை ஆவணத்தில் உள்ளவற்றை வரிசையாகச் சரிபார்த்து முடித்த பிறகு, இனி எதைச் சோதிப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடும் ஒரு கட்டம் எல்லா டெஸ்டர்களுக்கும் வருவதுண்டு. அந்தக் கட்டத்தில் எனக்குப் பல ஆண்டுகளாகத் துணை நிற்பது, செயலிகளை உருவாக்க உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளுடன் கூகுள் நிறுவனம் இலவசமாக வழங்கும் எமுலேட்டர், அதாவது கணினித் திரையிலேயே ஒரு கைப்பேசியைப் போல இயங்கும் மென்பொருள். கையில் கைப்பேசி இல்லாத நேரத்துக்கான மாற்றாகவே பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சோதனை யோசனைகளைத் திரட்ட இது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

எமுலேட்டரின் பக்கப்பட்டியில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் கூடுதல் கட்டுப்பாடுகள் அடங்கிய சாளரம் திறக்கும். இருப்பிடம், மொபைல் நெட்வொர்க், பேட்டரி, தொலைபேசி, கைரேகை, சென்சார்கள் என்று அதில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும் நான் ஒரு கேள்வியாகவே வாசிக்கிறேன். நெட்வொர்க் பகுதியில் சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கலாம். டேட்டா நிலையை ரோமிங், தேடல், மறுப்பு என்றெல்லாம் மாற்றலாம். இணையம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளை மட்டும் மனத்தில் வைத்திருப்பவருக்கு, இடையில் இத்தனை நிலைகள் இருப்பதை அந்தப் பட்டியலே நினைவூட்டிவிடும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது தொலைபேசிப் பகுதி. பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றில் நான்கு பயணிகளின் பெயர், வயது, இருக்கை ஆகியவற்றை நிரப்பிவிட்டு, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன் இந்தச் சாளரத்திலிருந்து ஓர் அழைப்பை அனுப்பினேன். பயனர் வேறு திரைக்கு நகர்ந்தவுடன் பழைய திரையை அழித்துவிடும் டெவலப்பர் அமைப்பையும் முன்பே இயக்கியிருந்தேன். நினைவகம் குறைந்த கைப்பேசிகளில் பின்னணிக்குச் சென்ற செயலிக்கு நேரும் கதியை அது ஓரளவு காட்டிவிடும். பேசி முடித்துத் திரும்பியபோது விவரங்கள் அனைத்தும் அழிந்திருந்தன. இருக்கைகள் மட்டும் எங்கள் பெயரிலேயே பூட்டிக் கிடந்தன. அந்த ஓர் அழைப்பிலிருந்து அடுத்தடுத்த யோசனைகள் தாமாகவே வந்தன: ஓடிபி குறுஞ்செய்தி தாமதமாக வந்தால் என்ன ஆகும், பழைய ஓடிபி புதியதற்குப் பின் வந்து சேர்ந்தால் என்ன ஆகும், இருக்கைக்கான கால வரம்பு பேச்சின் நடுவே முடிந்துவிட்டால் என்ன ஆகும். குறுஞ்செய்திகளையும் அதே சாளரத்திலிருந்து அனுப்ப முடிவதால், தோன்றிய யோசனையை அப்போதே சோதித்துப் பார்க்க முடிந்தது.

கைரேகைப் பகுதியில் பத்து விரல்கள் உண்டு. ஒரு விரலைப் பதிவு செய்துவிட்டு, மற்றொரு விரலால் ஐந்து முறை தொட்டால் ஆண்ட்ராய்டு கைரேகைச் சோதனையை 30 விநாடிகள் நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் பின் எண்ணைக் கொண்டு நுழைய செயலி வழிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுத்தளவையும் தவறவிடக் கூடாது. ஆண்ட்ராய்டு 14 எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்க இடமளிக்கிறது. மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால், "உறுதிப்படுத்தவும்" என்ற பொத்தான் "உறுதிப்ப" என்று பாதியில் நிற்பதைப் பல செயலிகளில் காணலாம். கண் மங்கிய ஒரு பெரியவருக்கு அந்தப் பாதிச் சொல் எந்த உதவியும் செய்யாது என்பதால், இதைச் சிறு பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

குறைகளும் உண்டு. கைப்பேசியை அருகில் காட்டிப் பணம் செலுத்துவது போன்றவற்றுக்குப் பயன்படும் என்எஃப்சி சார்ந்த எதையும் இதில் சோதிக்க முடியாது. பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைப்பேசித் தயாரிப்பாளர்கள் பின்னணிச் செயலிகளை நிறுத்தும் விதங்களும் இதில் தெரியாது. அவற்றுக்கு உண்மையான கைப்பேசிகளே வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் ஒன்றாக ஓடும்போது பொறுமை சோதிக்கப்படும். ஆயினும் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் டெஸ்டருக்கு, எழுதி வைத்த டெஸ்ட் கேஸ்களைக் கொடுக்கும் முன் இந்தச் சாளரத்தைத் திறந்து கொடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று கேள்விகள் எழுதி வரச் சொல்கிறேன்.