சுற்றுப்பயணி விலையில் சொந்த ஊர்

சிங்கப்பூரில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கினால் சிவப்புக் கடப்பிதழையும் ரோஸ் நிற அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அங்கே ஈசூன் வட்டாரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையும் முடித்தவன் நான். இந்த முறை மெல்பர்னிலிருந்து குடும்பத்தோடு போனபோது எல்லாக் கவுன்டரிலும் வெளிநாட்டுக்காரன். அரும்பொருளகமோ பறவைப் பூங்காவோ, அக்காவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வரி கட்டுகிறவர்களுக்குச் சலுகை கொடுப்பது நியாயம்தான். ஆனால் கூடுதலாகக் காசு கொடுக்கும்போதுதான் எது அந்தக் காசுக்குத் தகும், எது தகாது என்று பார்க்கத் தோன்றுகிறது. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களோடு மாமியாரும் சேர்ந்துகொண்டார். திருச்சியிலிருந்து நேரடி விமானம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ தன் சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக்) கணக்கு வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). என்னிடம் இப்போது அந்தத் தகுதி இல்லை என்பதால் அக்காதான் செய்து கொடுத்தார். முகவர் வழியாகவும் போடலாம், ஆனால் அவர்கள் தங்கள் பங்கையும் சேர்த்து வாங்குவார்கள். இதோடு, வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இது இலவசம். தேடினால் காசு கேட்கும் போலித் தளங்களும் வந்து நிற்கும். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

அத்தை தனியாக வந்ததால் எனக்குக் கொஞ்சம் பயம். இப்போது வெளிநாட்டவர்களும் தானியங்கி வாயில் வழியாகவே போகலாம். கடப்பிதழை வைத்து, முகத்தைக் காட்டினால் கதவு திறந்துவிடும். முத்திரை குத்துவதில்லை. அனுமதி மின்னஞ்சலில் வரும், அதனால் நிரப்பும்போது உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், பாட்டியுடையதை அல்ல. அத்தை வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "மாப்பிள்ளை, அந்த மிஷின் கண்ணைப் பாருன்னு சொல்லுச்சு, எனக்குப் புரியல. ஒரு பையன் வந்து தமிழ்லயே சொன்னான்." அதன் பிறகு எங்கே என்ன சிக்கல் என்றாலும் தமிழ் பேசும் ஒரு பையன் வருவான் என்றே நம்பிக்கொண்டிருந்தார். பாதி நேரம் வந்தார்கள்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கு டாக்சி எடுப்பதற்கு முன் ரயிலையும் யோசித்துப் பாருங்கள். எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். எல்லா நிலையத்திலும் மின்தூக்கி உண்டு. வெளிநாட்டு வங்கி அட்டையையே நேரடியாகத் தட்டலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும். ஒரே அட்டையை நாலு பேருக்குத் தட்ட முடியாது. 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாதையின் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் பிடித்துவிடுவார்கள். சுற்றுப்பயணிகளுக்கென்று வரம்பில்லாப் பயண அட்டை விற்கிறார்கள். காலை முதல் இரவு வரை ரயிலிலேயே சுற்றுகிறவர்களுக்கு அது சரி. அத்தைக்கு முழங்கால் வலி, எங்களால் ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான். எங்களுக்குச் சாதாரண அட்டையே மலிவாக முடிந்தது.

பொதுப் போக்குவரத்துக்கு என்னிடமிருந்து முழு மதிப்பெண். வாடகைக் கார்தான் படுத்தியது. செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு இருக்கை பொருத்தியே ஆக வேண்டும், அது சட்டம். டாக்சிகளுக்கு மட்டும் விலக்கு. மழை கொட்டும்போது ஓட்டுநர் வந்து நின்றார், மகளைப் பார்த்தார், "நோ சைல்ட் சீட், சாரி" என்று கிளம்பிவிட்டார். அவர் செய்தது சரிதான், அபராதம் அவருக்குத்தான் விழும். ஆனால் ரத்துக் கட்டணத்தை எங்கள் தலையில் போட்ட அந்த நிறுவனத்திடம் திரும்ப வாங்குவதற்குள், இயந்திரம் எழுதிய ஒரே பதிலைப் பலமுறை படித்தாயிற்று. பிள்ளைகள் இருந்தால் டாக்சி நிறுத்தத்தில் போய் நில்லுங்கள், அல்லது செயலியிலேயே குழந்தை இருக்கை உள்ள காரைக் கேளுங்கள்.

தங்கியது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஓட்டலில். பெயர் வேண்டாம். மலிவான அறைக்குச் சன்னல் இருக்காது என்பதை முன்பதிவுப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் இது வழக்கம்தான், ஆனால் அத்தைக்கு விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. சன்னல் வேண்டும் என்றால் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சரி, பார்த்த இடங்களுக்கு வருகிறேன்.

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறந்தது, நான் ஊரில் இருந்தபோது ஒழுங்காகப் பார்த்ததில்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். அக்கா உள்ளே போய்விட்டார், நான் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். அத்தை நேராகப் போய் நின்ற இடம் செட்டிநாட்டிலிருந்து கொண்டுவந்த மர வாசல் நிலை. அதில் விரல்கடை இடம் விடாமல் குட்டிக் குட்டிச் சிற்பங்கள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பக்கத்திலேயே குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த மாதிரி நிலை எங்க பெரியம்மா வீட்டுல இருந்துச்சு. வித்துட்டாங்க. இப்ப இது மாதிரி யார் வீட்டுலயாச்சும் நிக்கும்" என்றார். காவலர் ஒருவர் தள்ளி நிற்கச் சொல்ல வந்தவர், அத்தை பேசுவதைக் கேட்டுவிட்டு, உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். டிக்கெட் காசுக்கு இது ஒன்றே போதும். திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலுக்கு டிக்கெட் கிடையாது. 1827இல் தமிழ் வணிகர் நாராயண பிள்ளை தொடங்கியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில். ஐப்பசியில் தீமிதி நடக்கும் இடம் இதுதான். சில அடி தள்ளி தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசல். அங்கிருந்து மெதுவாக நடந்தால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா, 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பியது. நாகூர் தர்காவை நினைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்கள் கட்டியது என்றதும் அத்தை அங்கேயும் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். அரை நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம், செலவு கிடையாது. கோவில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். சுற்றுலாக் கையேடுகளில் இந்த மூன்றும் வேறு வேறு பக்கத்தில் கிடக்கின்றன. சேர்த்து நடந்தால்தான் இந்த ஊருக்கு முதலில் வந்த நம்மவர்களின் கதை பிடிபடும்.

வனவிலங்குப் பூங்காக்கள் இருக்கும் மண்டாயில் விலை கொஞ்சம் கடிக்கும். ஜூரோங் பறவைப் பூங்காவை 2023 தொடக்கத்தில் மூடிவிட்டு, அதே ஆண்டு பேர்ட் பாரடைஸ் என்று மண்டாயில் திறந்தார்கள். ஜூரோங்கில் பள்ளிச் சுற்றுலா போன தலைமுறை நான், குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கூண்டுக்கு வெளியே நின்று பார்க்கும் கதை இல்லை. பெரிய வலைக்கூடத்துக்குள் நாமே நடக்கிறோம், பறவை தலைக்கு மேலே போகிறது. மகளின் கையிலிருந்த தட்டில் கிளி வந்து உட்கார்ந்ததும் அவள் போட்ட சத்தத்தில் அது பறந்தே போய்விட்டது. சிறு பிள்ளை இருந்தால் சுற்றுப்பயணி விலை கொடுத்தாலும் தகும். 1994 முதல் நடக்கும் இரவு சஃபாரி வேறு மாதிரி: நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், டிராம் வரிசை நீளம், இருட்டில் மிருகம் தெரிந்தால் அதிர்ஷ்டம். இரண்டில் ஒன்றுதான் என்றால் பறவைகளுக்கே என் ஓட்டு. இரண்டுக்கும் காத்திப் ரயில் நிலையத்திலிருந்து சிற்றுந்து ஓடுகிறது, டாக்சி தேவையில்லை.

கரையோரப் பூந்தோட்டங்களுக்கு (கார்டன்ஸ் பை தி பே) இப்போது வாசலிலேயே ரயில் நிலையம் வந்துவிட்டது. 2022 கடைசியில் திறந்தது; நான் கிளம்பியபோது இல்லை. இரண்டு குளிர்க் கூடங்களுக்கு டிக்கெட் உண்டு, வெளித்தோட்டம் இலவசம். அந்த இரண்டில் 35 மீட்டர் அருவி உள்ள மேகக் காடு அழகுதான், அத்தைக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள். ஆனால் நான் இரண்டாவது தடவையும் போகத் தயாராக இருப்பது இரவு 7:45க்கும் 8:45க்கும் பெருமரங்களின் (சூப்பர்ட்ரீ என்னும் செயற்கை மரங்கள்) கீழ் நடக்கும் ஒளிக்காட்சிக்கு. ஒரு காசு கிடையாது. எல்லாரும் சிமென்ட் தரையிலேயே மல்லாந்து படுத்துவிடுகிறார்கள். அத்தை முதலில் கூச்சப்பட்டார், பிறகு துண்டை விரித்துப் படுத்தார். பக்கத்தில் படுத்திருந்தது ஒரு சீனப் பாட்டி. இருவரும் மொழி தெரியாமலே தைலம் பரிமாறிக்கொண்டார்கள். மரினா பே சாண்ட்ஸ் ஓட்டல் மாடிக்கு மேலே ஏற நாங்கள் காசு கொடுக்கவில்லை. கீழேயிருந்தே அது நன்றாகத் தெரிகிறது.

1859இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பூமலை (தாவரவியல் பூங்கா) 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது; ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். மகளிடம் ஒரு 5 வெள்ளி நோட்டைக் கொடுத்து, பின்பக்கம் இருக்கும் தெம்புசு மரத்தைக் கண்டுபிடி என்று விட்டுவிட்டோம். தாழ்ந்து நீண்ட அந்தக் கிளையைப் பார்த்துவிட்டு அவள் கத்தியது ஆர்க்கிட் தோட்டம் வரை கேட்டிருக்கும்.

கேளிக்கைத் தீவான செந்தோசாவைப் பற்றி எழுத எதுவும் இல்லை. பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால் போங்கள்.

புலாவ் ஊபின் என்ற சின்னத் தீவுக்குக் கட்டாயம் போங்கள். சாங்கி முனைப் படகுத்துறையில் முன்பதிவு, செயலி, நேர அட்டவணை எதுவும் கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கம். உள்ளூர்க்காரனுக்கும் அதே விலை என்று அக்காவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஆனால் படகில் ஏறும் படி ஆடும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கைப்பிடித்து ஏற்ற ஆள் வேண்டும். அன்றைக்கு அத்தை எங்களோடு வராமல் ஈசூனில் இருந்துவிட்டார், அங்குள்ள நூலகத்தில். நூலகத்துக்குள் போய் உட்கார யாரும் அட்டை கேட்பதில்லை. குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, தமிழ்ப் புத்தகங்கள், அன்றைய தமிழ் முரசு. 1935இல் தொடங்கிய பத்திரிகை இன்னும் வருகிறது என்பதே அவருக்கு ஆச்சரியம். அவரைக் கேட்டால் இந்தப் பயணத்தில் முதலிடம் அந்த நூலகத்துக்குத்தான்.

சாப்பாட்டுக்கு உணவங்காடிதான். தேக்கா உணவங்காடி நிலையத்தில் பசியாற தோசை, பரோட்டா, அப்பம் எல்லாம் உண்டு. வெளிநாட்டு அட்டையைப் பல கடைகளில் வாங்க மாட்டார்கள், உள்ளூர் வங்கிக் கணக்கு வழிப் பணம் கட்டும் பேநவ் நமக்கு இல்லை, அதனால் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம், எடுத்துப் பையில் போட்டுவிடாதீர்கள். தேநீர் கேட்டாலே தித்திப்புப் பால் ஊற்றுவார்கள். சர்க்கரை நோயாளிகள் "தே சி கோசோங்" என்று கேட்க வேண்டும். சர்க்கரை போடாமல், இனிப்பில்லாத கெட்டிப் பாலோடு வரும். தின்று முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு. வாழையிலைச் சாப்பாட்டுக்கு என்று உட்கார்ந்த ஒரு பெரிய உணவகத்தில் கேட்காமலே ஈரத் துண்டு வைத்தார்கள், பில்லில் அதற்கும் காசு. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே ஏறும். துண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

வெளிநாட்டுக்காரனானதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு. ஒரு கடையில் 100 வெள்ளிக்கோ அதற்கு மேலோ வாங்கினால் அந்த 9 விழுக்காட்டு வரியில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் மகளுக்கு ஒரு சங்கிலி எடுத்தோம். வாங்கும்போதே அசல் கடப்பிதழைக் காட்ட வேண்டும், திட்டத்தில் சேர்ந்த கடையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா கூடவே நின்று பார்த்துவிட்டு, "அப்ப இனிமே எனக்கு வேண்டியதையும் நீயே வாங்கிக் கொடுடா" என்றார். அது சட்டப்படி செல்லாது. வாங்கியவரே நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். நகையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கையில் வையுங்கள், சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். நிலவழியாக ஜோகூர் போய் அங்கிருந்து பறப்பவர்களுக்கு இந்தப் பணம் கிடைக்காது.